லக்ரோஸ் ஆட்டமும் ‘யூதச் செல்வாக்கு’ எனும் மயக்கமும்

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. ஓர் ஆட்டத்தின் வளர்ச்சியை இன்ன இனத்தாரின் செல்வாக்கு, இன்ன சமயத்தாரின் கொடை எனக் கூறுபோட்டுக் காட்டுவதே அது. வலை பின்னிய கோலினால் சிறு பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடப்பெறும் லக்ரோஸ் எனும் வட அமெரிக்க ஆட்டத்தின் வளர்ச்சியில் யூதர்தம் செல்வாக்கு யாது என்னும் வினாவும் இவ்வழக்கத்தின்பாற்பட்டதே. இவ்வினாவை இரு சாரார் எழுப்பக்கூடும். தம்மினத்தின் பெருமையை நிலைநாட்ட விழைவோர் ஒரு சாரார். யூதர் எங்கும் புகுந்து எதனையும் தம்வயப்படுத்துவர் எனும் பழைய நச்சுக் கருத்துக்குச் சான்று தேடுவோர் மற்றொரு சாரார். இருவர்தம் நோக்கங்களும் நேரெதிரானவை. எனினும் இருவரும் இழைக்கும் தவறு ஒன்றே. ஓர் ஆட்டத்தின் ‘வளர்ச்சி’ என்பது யாருடைய வளர்ச்சி, அதனால் இழந்தோர் யாவர் என்ற அடிப்படை வினாவை இருவருமே எழுப்புவதில்லை.

லக்ரோஸ் ஆட்டத்தின் மூலவர் எவர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஐரோப்பியர் அக்கண்டத்தில் காலடி வைப்பதற்கு முன்னரே ஆதிக்குடிகள் பலர் அதனை ஆடிவந்தனர். இன்றைய நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியிலும் அதனையொட்டிய கனடியப் பகுதிகளிலும் வாழும் ஹோடினோசோனி மக்கள், அதாவது மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, டஸ்கரோரா எனும் ஆறு குடிகளின் கூட்டமைப்பினர், அதனைப் படைத்தவன் அளித்த ஆட்டம் என்றும் நோய் தீர்க்கும் சடங்கு என்றும் போற்றினர். 1630களில் ஹியூரோன் மக்களிடையே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஜோன் டி பிரெபேஃப், நோயுற்றோர் நலம்பெறும் பொருட்டு அவ்வாட்டம் ஆடப்பட்டதை எழுதிவைத்துள்ளார்.

இவ்வாட்டம் ‘வளர்ந்த’ கதை 19ஆம் நூற்றாண்டில் மொன்றியல் நகரிலே தொடங்குகின்றது. ஜோர்ஜ் பியர்ஸ் எனும் பல்வைத்தியர் அதற்கு விதிகள் வகுத்தார். 1867 இல் கனடாவின் தேசிய லக்ரோஸ் சங்கம் அமைந்தது. அவ்விதிகளுள் ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. முன்னரே இணக்கம் காணப்பட்டாலன்றி, வெள்ளையர் கழகமொன்றின் சார்பில் ஆதிக்குடி ஆட்டக்காரர் எவரும் போட்டியில் ஆடலாகாது என அது விதித்தது. 1880 ஆம் ஆண்டளவில் இத்தடை முழுமையடைந்தது. பணம் பெற்று ஆடுவோர் தூய ஆட்டக்காரர் அல்லர் என்ற நியாயத்தின் பேரில் ஆதிக்குடிகள் சங்கப் போட்டிகளினின்றும் நீக்கப்பட்டனர். பயணச் செலவுக்கே வழியற்ற ஏழைகளிடம் ‘பணத்துக்காக ஆடாதே’ எனக் கூறியோர், தொழிலாலும் சொத்தாலும் ஓய்வு வாய்க்கப்பெற்ற நடுத்தர வர்க்கத்தினரே. ஆட்டத்தைப் பெற்றெடுத்தோரை வெளியே நிறுத்திவிட்டு அதனைத் தேசிய ஆட்டமென முழங்கிய இச்செயலே லக்ரோஸின் முதலாவது ‘வளர்ச்சி’. இதில் யூதருக்குப் பங்கு தேடுவோர் வெறுங்கையுடனேயே திரும்ப நேரிடும்.

இனி, ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். அங்கு இவ்வாட்டம் வேரூன்றியது பால்ற்றிமோர் நகரிலும் கிழக்குக் கரையோரத்தின் செல்வந்தக் கல்லூரிகளிலுமாகும். 1928, 1932 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் காட்சிப் போட்டியாக லக்ரோஸ் இடம்பெற்றபோது அமெரிக்காவின் சார்பில் ஆடியது பால்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமே. அப்பல்கலைக்கழகம் 1940களில், ஐசாயா போமன் தலைமையில், யூத மாணவர் தொகைக்கு வரம்பு விதித்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் 1922 இலேயே அத்தகைய வரம்பை முன்மொழிந்திருந்தார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்காதபோதும், அனுமதி முறைகளை மாற்றியமைத்ததன் மூலம் பின்னர் அதே பயன் எய்தப்பட்டது. பால்ற்றிமோரின் ரோலண்ட் பார்க் போன்ற வசதிமிக்க குடியிருப்புகளில் கறுப்பினத்தவரோடு யூதரும் வீடு வாங்க இயலாதிருந்தனர். 1941 இல் ஹாவார்ட் லக்ரோஸ் அணி அனாபொலிஸ் கடற்படைக் கழகத்துக்குச் சென்றபோது, அணியிலிருந்த லூசியன் அலெக்சிஸ் எனும் கறுப்பின மாணவர் ஆடக்கூடாதெனக் கழகம் மறுத்தது. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். கல்லூரி வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் அக்கல்லூரிகளின் ஆட்டத்தைத் தம் செல்வாக்குக்கு உட்படுத்தியது என்று எங்ஙனம் கூறுவது?

அவ்வாறாயின் இவ்வாட்டத்தில் யூதருக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால், அது கிடைப்பது வேறோர் இடத்திலாகும். 1847 இல் நிறுவப்பட்ட நியூயோர்க் நகரக் கல்லூரி, 1976 வரை கட்டணமின்றிக் கல்வி வழங்கியது. கிழக்கு ஐரோப்பியக் கொடுமைகளுக்குத் தப்பிவந்த யூதத் தொழிலாளரின் பிள்ளைகளே 1930களில் அதன் மாணவருட் பெரும்பான்மையினர். அக்கல்லூரியில் ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் லக்ரோஸ் பயிற்றியவர் லியோன் மில்லர் எனும் செரோக்கி ஆதிக்குடியினர். அவர்தம் இனத்தார் இரட்டைக் கோல் கொண்டு ஆடும் பந்தாட்டம் லக்ரோஸின் உறவாட்டம். அவர் கற்றதோ பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில்; ஆதிக்குடிச் சிறுவரின் மொழியையும் வழக்கங்களையும் வேரோடு அகற்றும் நோக்கில் 1879 இல் நிறுவப்பட்ட பள்ளி அது. தன் அடையாளத்தை அழிக்க முனைந்த பள்ளியினின்றும் வெளிவந்த ஒருவர், செல்வர் கல்லூரிகள் புறந்தள்ளிய வறியோரின் பிள்ளைகளுக்குத் தம் முன்னோர் ஆட்டத்தைக் கற்பித்தார். இதனைச் ‘செல்வாக்கு’ என்பது பொருந்தாது. ஒதுக்கப்பட்ட இரு சாரார் ஓர் ஆடுகளத்தில் சந்தித்தனர் என்பதே உண்மை. அங்கு கற்றவர் யூதர்; கற்பித்தவர் ஆதிக்குடி. செல்வாக்கு எத்திசையிற் பாய்ந்தது என்பதைச் செல்வாக்கு வாதிகளே கூறட்டும்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் கூறப்படலாம். சிறுபான்மையினர் தம் வீரரைப் பட்டியலிடுவது ஆணவத்தால் அன்று, தற்காப்பால் என்பதே அது. இந்நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. யூதர் உடல் வலிவற்றோர், புத்தகப் புழுக்கள் எனும் இழிவுரை ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த காலத்தில், 1898 இல் மக்ஸ் நோர்டௌ ‘தசைவலிமை மிக்க யூதம்’ எனும் கருத்தை முன்வைத்தமையும், 1932 இல் மக்கபியா விளையாட்டு விழா தொடங்கப்பட்டமையும் அவ்விழிவுரைக்கான விடையாகவே அமைந்தன. ஆயினும் இழிவுரைக்கு விடையாகப் பிறந்த பட்டியல், காலப்போக்கில் வரலாற்றின் இடத்தையே பிடித்துக்கொள்ளுமாயின், அதுவும் ஒரு மயக்கமே. பட்டியலிற் பெயர்கள் இருக்கும். அப்பெயருடையோர் எந்த வாயிலால் உள்ளே வந்தனர், எந்த வாயில் அவர்க்கு அடைக்கப்பட்டிருந்தது என்பது இராது.

அண்மைக் காலத்தில் இவ்வினா வேறொரு வடிவம் எடுத்துள்ளது. 2010 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஸ்கொட் நீஸ் என்பவரின் முன்முயற்சியால் இஸ்ரேலில் லக்ரோஸ் அமைப்பு உருவாயிற்று. அமெரிக்க யூத ஆட்டக்காரர்தம் துணையுடன் விரைந்து வளர்ந்த அவ்வணி, 2014 இல் டென்வர் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் ஏழாம் இடத்தைப் பெற்றது. 2018 இல் உலகப் போட்டி நெத்தன்யா நகரிலேயே நடந்தது. அதுகாறும் அப்போட்டி அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளுக்கு வெளியே நடந்ததில்லை. இது மறுக்கவியலாத சாதனையே. எனினும் இதனை யூத மக்கள் அனைவரதும் செல்வாக்கெனக் கொள்வது தவறு. ஓர் அரசின் பெயரால் இயங்கும் ஓர் அமைப்பின் வேலைத்திட்டம் இது. வேலைத்திட்டத்தை வேலைத்திட்டமாகவே மதிப்பிடல் வேண்டும்.

அங்ஙனம் மதிப்பிடுகையில் 1983 இல் தோற்றுவிக்கப்பட்ட ஹோடினோசோனி அணியே உரைகல்லாகின்றது. அவ்வணியினர் தம் சொந்தக் கடவுச்சீட்டுடன் பயணஞ் செய்வோர். அக்கடவுச்சீட்டு அவர்தம் இறைமையின் சின்னம். 2010 இல் மன்செஸ்ரர் போட்டிக்குச் செல்ல அவர்களைப் பிரித்தானியா அனுமதிக்கவில்லை. 2018 இல் இஸ்ரேலும் முதலில் தயங்கியது. கடைசி நேரப் பேச்சுகளின் பின்னரே வழி திறந்தது. அதே வேளை, பலஸ்தீனப் புறக்கணிப்பு இயக்கத்தினர் நிலமிழந்த மக்கள் என்ற உரிமையுடன் அவ்வணியினரைப் போட்டியினின்றும் விலகுமாறு வேண்டினர். அணி சென்றது, மூன்றாம் இடமும் பெற்றது. நிலமிழந்த ஒரு மக்களின் அணி, தன் இறைமையை உலகறியச் செய்வதற்கு, நிலமிழந்த பிறிதொரு மக்களின் வேண்டுகோளைக் கடந்து செல்ல நேர்ந்தது. பதக்கங்களையும் பங்கேற்ற நாடுகளையும் எண்ணுவோரின் வளர்ச்சிக் கணக்கில் இந்த இக்கட்டுக்கு இடமேது?

2028 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் இடம்பெறும் என 2023 இல் மும்பையிற் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு தீர்மானித்தது. தேசிய ஒலிம்பிக் குழுக்களின் அணிகளே ஆடலாம் என்பது அப்போது அக்குழு கொண்ட நிலைப்பாடு. ஆட்டத்தின் மூலவர்க்கு அத்தகைய குழு இல்லை. 1880 இல் ‘தூய்மை’ எனும் சொல் செய்த பணியை இன்று ‘அங்கீகாரம்’ எனும் சொல் செய்ய முனைகின்றது.

இந்நிலையில், யாருடைய செல்வாக்கால் லக்ரோஸ் வளர்ந்தது எனும் வினாவைக் கைவிட்டு, யார் யாருக்கு வழிவிட்டனர் எனும் வினாவையே எழுப்புதல் வேண்டும். 2022 இல் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் நிகழ்ந்த உலக விளையாட்டு விழாவில் ஹோடினோசோனி அணிக்கு முதலில் இடம் வழங்கப்படவில்லை. அயர்லாந்து அணி 2020 இல் தன் இடத்தை விட்டுக்கொடுத்தமையாலேயே அவர்கள் அங்கு ஆடினர். நியூயோர்க் நகரக் கல்லூரியின் திடலில் லியோன் மில்லர் செய்ததும், அயர்லாந்து அணியினர் செய்ததும் செல்வாக்கின் கணக்கில் அடங்கா. லக்ரோஸின் உண்மையான வளர்ச்சியை எழுதப் புகுவோர் இத்தகைய செயல்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.