பூண்டு வயலை விற்றா ஊர் பிழைக்கும்?

கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையில் இனி விவசாயம் கட்டுப்படியாகாது, படிவயல்களில் விடுதி கட்டினால்தான் ஊர் பிழைக்கும் என்று எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். சரி, அந்த விடுதி ஜன்னலைத் திறந்து பயணி எதைப் பார்ப்பார்? எதிர்விடுதியின் தண்ணீர்த் தொட்டியையா?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்துவிட்டதாம், பாரம்பரியம் பத்திரமாம். குறியீடு முளைக்காது. பூண்டுக்கு விதை போன போகத்துப் பல்தான். கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, புகை காட்டிக் காப்பாற்றி வைத்தது. நடுகிற கை ஓய்ந்தால் விதையும் போச்சு.

விருப்பாச்சி வாழையின் கதை தெரியாதா? பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம். கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களை முடிக்கொத்து நோய் துடைத்துப்போட்டது. அதைத் திரும்ப நட வழி செய்தது சுற்றுலா அல்ல. வேளாண் பல்கலைக்கழகத்தின் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளும், நோய் கண்ட மரத்தைத் தோண்டி எறியத் துணிந்த விவசாயிகளும்.

கூட்டம் தாங்காமல்தான் 2024 மே முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானலுக்கு இ-பாஸ். அதே கூட்டத்தைப் பூம்பாறைக்கும் அழைக்கிறார் நண்பர்! விவசாயி தன் வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்கட்டும், வாசலிலேயே பூண்டு விற்கட்டும். அதை யார் வேண்டாம் என்றார்கள்? நிலத்தை விற்றவருக்கு அந்த விடுதியில் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதை மட்டும் நண்பர் எழுதவில்லை. முதலில் அதை எழுதட்டும்.