லண்டனில் ஒரு போட்டோ ஸ்டாப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வேலப்பன்சாவடி டீக்கடையில் நின்றால், வெளியூர் வேன் ஒன்றாவது பூந்தமல்லி ஹைரோட்டில் ஓரங்கட்டும். டிரைவர் தலையை நீட்டி, "ஐயா, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்பார். வழியைச் சொல்லிவிட்டு, "அப்படியே வேதபுரீஸ்வரர் கோயிலையும் பார்த்துட்டுப் போங்க. சம்பந்தர் பாடின தலம், மூர்க்க நாயனாருக்குச் சொந்த ஊரு" என்பேன். "டைம் இல்லீங்கய்யா, அடுத்து மாங்காடு, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிபுரம்" என்று வண்டி கிளம்பிவிடும். இந்த வேன்காரர்களை வீட்டில் எத்தனையோ வருஷமாகக் கிண்டலடித்து வந்தேன். 2024 ஜூனில் லண்டன் போய்வந்ததோடு நிறுத்திவிட்டேன்.

பதினொரு நாளில் ஏழு நாடு. இங்கிலாந்துக்கு ஒரு விசா, மற்ற நாடுகளுக்குச் சேர்த்து ஒரு ஷெங்கன் விசா என்று இரண்டு தடவை கைரேகை வைத்து, பி.எஃப். பணத்திலும் கைவைத்துப் போனோம். லண்டனுக்கு ஒன்றரை நாள். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நாற்பது நிமிடம். ரொசெட்டா கல், மம்மி, கழிப்பறை, பஸ். பிக் பென் எதிரே இருபது நிமிடம். அதற்குப் பெயர் 'போட்டோ ஸ்டாப்'. "இந்த மணி முதல்ல அடிச்சது 1859-ல" என்றார் கைடு. அந்த வருஷத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மூன்று மணி நேரம் ஷாப்பிங். அதற்கு பஸ் கிளம்பும் முன்னாலேயே நான் கழன்றுகொண்டேன். வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவிட்டு, பிக் பென்னிலிருந்து தேம்ஸ் ஓரமாகவே தெற்கே நடந்தேன். கால் மணி நேர நடை.

காரணம் இருக்கிறது. 1974-ல் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் நான். அப்போது அங்கே ஓடிக்கொண்டிருந்தது விஜயந்தா டேங்க். ஆவடியில் முதல் வண்டி வெளியே வந்தது 1965-ல்; டிசைன் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. "விக்கர்ஸ்காரனுக்கு தேம்ஸ் ஓரத்துல பெரிய டவர் இருக்குடா" என்று எங்கள் ஃபோர்மேன் அடிக்கடி சொல்வார். அவரும் அதைப் பார்த்ததில்லை.

டவர் இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் மில்பேங்க் டவர். 1963-ல் விக்கர்ஸ் தனக்காகக் கட்டியது, 118 மீட்டர். ஒரு பக்கம் வெளியே வளைந்து, இன்னொரு பக்கம் உள்ளே குழிந்து, கண்ணாடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுமாக நிற்கிறது. அதைப் போட்டோ எடுக்க அங்கே ஒரு ஆள் கிடையாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் செக்யூரிட்டிக்குச் சந்தேகம் வந்து, என்ன வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "உங்க கம்பெனி டேங்கை மெட்ராஸில் செய்தவன் நான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாத்ரூம் தேடுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் உள்ள டேட் ஓவியக் கூடத்தைக் காட்டி, "அங்கே இலவசம்" என்றார். உண்மைதான், அங்கே ஓவியமும் இலவசம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஏழு நாட்டிலும் என் கண்ணால் நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

டூர் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஆபீஸுக்குப் போனதும் நாம் கேட்கிற முதல் கேள்வியே "எத்தனை நாடு?" என்பதுதான்; அடுத்தது "தயிர்சாதம் உண்டா?" அதற்கேற்ற சரக்கைத்தான் அவர்கள் தருகிறார்கள். லண்டன் மாதிரிப் பழைய தலைநகரம் தன்னை எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டாது. ரயில்வேயில் இருந்தவருக்கு ஒன்று, நர்ஸாக இருந்தவருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறது. நமக்கும் அந்த ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் கொஞ்சமா நஞ்சமா?

நான் கோட்டைவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஏ அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. கிருஷ்ணா நதிக்கரை பௌத்தத் தூபியில் 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பியவை. இங்கே பதினாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்துவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறின. ஏறிய வருஷம் 1859. பிக் பென் அடித்த அதே வருஷம்! மம்மியைப் பார்த்த நாற்பது நிமிடத்தில் அந்த அறை இருப்பதே எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு, பேரனைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியம் போன அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் இந்தக் கோடையில் புக் பண்ணப் போகிறவர்கள் இரண்டு நாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைநகரிலும் அரை நாள் எங்களைச் சும்மா விடுங்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பின்னால் தோண்டி எடுத்த அமராவதிக் கற்கள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை.