சங்கப் பதிவு சர்க்காரின் சலுகையா?

ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். வெள்ளைக்காரன் மனமிரங்கித் தந்தது என்று இதைப் பேசுவோர் உண்டு. சரித்திரம் வேறு.

1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி. வாடியா தலைவர். 1920-ல் கதவடைப்பு வந்தது. பின்னி கம்பெனி போலீசை மட்டும் நம்பவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மேல் வழக்கு! கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். சங்கம் கூடாது என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சங்கம் அமைத்தவனைக் காக்கவும் சட்டம் இல்லை. முதலாளி நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. அதன் உயிர் 17, 18-ம் பிரிவுகளில் இருந்தது. சங்கத்தார் கூடி முடிவெடுத்ததைக் கிரிமினல் சதி என்று வழக்காட முடியாது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக சிவில் கோர்ட்டுக்கு இழுக்கவும் முடியாது. வருஷா வருஷம் கணக்குக் காட்டவும் சொன்னது. அது நியாயமே, சந்தா தொழிலாளியின் காசு அல்லவா!

ஆனால் முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. 1947-ல் அதற்கென்று திருத்தம் நிறைவேறியது, அமலுக்கு வரவேயில்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலாகியிருக்கிறது. காப்புப் பிரிவுகள் அதிலும் உண்டு. கூடவே, எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம்!

பதிவு எப்படி நடக்கிறது? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கையே சங்கப் பதிவுதான். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்று ஆட்சேபம். ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

இது மில்காரன் கதை என்று வயலில் உழைக்கும் தோழன் நினைக்க வேண்டாம். விவசாயத் தொழிலாளிக்கும் சங்க உரிமை உண்டு என்ற சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 11-வது உடன்படிக்கையை இந்தியா 1923-லேயே ஏற்றது. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவும் 1950-ல் உறுதி சொன்னது. அப்படியிருந்தும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விட மறுத்த சேரி அது. மிராசுதார்களுக்கும் நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. அதைக் கலைக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா?

சங்க உரிமையையும் கூட்டுப் பேர உரிமையையும் உறுதி செய்யும் 87, 98-வது உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அவற்றை ஏற்கட்டும். பதிவு மனுவுக்குக் கெடு வைத்து முடிவு சொல்லட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். மனுவில் கையெழுத்திட்டவனை, முடிவு தெரியும்வரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதட்டும்.