கணினியைக் குறை கூறுமுன் அதன் வேகத்தைச் சோதியுங்கள்



"லினக்ஸ் போட்ட கணினி மெதுவாகத்தான் இருக்கும்" என்னும் பேச்சைப் போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறேன். 14.10.2025 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதன்பின், பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளுக்குத் தரலாமா எனக் கேட்கும் பெற்றோர் பெருகியுள்ளனர். தாராளமாகத் தரலாம் என்பதே என் விடை. ஆனால், கொடுத்த கணினி ஆமை வேகத்தில் நகர்ந்தால் பழியை இயங்குதளத்தின் தலையில் சுமத்தி, அதனை மூலையில் போட்டுவிடுகிறோம். இஃது எனக்கு உடன்பாடில்லை. பல வேளைகளில் குற்றவாளி வேறு.

இன்றைய நுண்செயலிகளுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று, அடிப்படை வேகம். மற்றொன்று, பளு கூடும்போது தானாகவே எட்டிப்பிடிக்கும் ஊக்க வேகம். இன்டெல் நிறுவனம் 2008-இல் 'டர்போ பூஸ்ட்' என்னும் பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. மலிவு விலை மடிக்கணினிகளில் காணப்படும் செலரான் என்4020 செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், ஊக்க வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு! விளம்பரத்தில் '2.8 வரை' என்று பெரிதாக அச்சிடுவார்கள். அந்த 'வரை' என்னும் சொல்லைத்தான் நாம் படிக்கத் தவறுகிறோம். ஊக்கம் அணைந்துகிடந்தால் ஓர் இணையப் பக்கத்தைத் திறப்பதற்கே பிள்ளை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? லினக்ஸில் இதற்கு ஒளிவுமறைவு இல்லை. கணினியின் 'சிஸ்' கோப்புறையினுள், 'இன்டெல் பிஸ்டேட்' என்னும் பகுதியில் 'நோ டர்போ' என்றொரு சிறு கோப்பு இருக்கும். பெயரே எதிர்மறையாக அமைந்திருப்பதால் கவனம் தேவை. அதில் 0 என்றிருந்தால் ஊக்கத்திற்குத் தடையில்லை. 1 என்றிருந்தால் தடை உள்ளது என்பது பொருள். நிர்வாகி உரிமையோடு 1-ஐ 0 ஆக மாற்றலாம். கணினியை மறுபடி தொடக்கினால் அம்மாற்றம் நிலைக்காது. மாற்றவே அனுமதி மறுக்கப்பட்டால், பெரும்பாலும் தடை பயாஸ் அமைப்பில் இருக்கிறது. அங்கே சென்றுதான் திறக்க வேண்டும். மின்கலச் சேமிப்புக்கென நிறுவப்படும் டிஎல்பி போன்ற மென்பொருள்களிலும், மின்கலத்தில் இயங்கும்போது ஊக்கத்தை நிறுத்தும் வசதி உண்டு. முன்பு யாரேனும் அதனை முடுக்கிவிட்டு மறந்திருக்கலாம்.

கோப்பில் 0 என்றிருந்தும் வேகம் ஏறவில்லையா? அடுத்து வெப்பத்தைப் பாருங்கள். செயலி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்சாதனம் இல்லாத அறை, தூசி அடைத்த காற்றுத்துளை, மெத்தைமேல் வைத்த மடிக்கணினி ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம் கடலோர வெயிலில் வேறென்ன நடக்கும்? 'டர்போஸ்டாட்' என்னும் கருவி, உண்மையான வேகத்தையும் வெப்பநிலையையும் அருகருகே காட்டும். பொருந்தாத மின்னேற்றியைச் செருகினாலும் சில மடிக்கணினிகள் வேகத்தை அடக்கிக்கொள்ளும். இவையெல்லாம் சரியாக இருந்தும் மெதுவென்றால், நினைவகம் போதவில்லையா, பழைய வன்தட்டு இழுக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஊக்க வேகத்தால் பெரும்பயன் இராது.

"ஆசிரியரின் பணி கற்பித்தல், கணினி பழுதுபார்ப்பது அவர் வேலையா?" எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். குறிப்பேடு திருத்துவதற்கே நேரம் போதாத நிலையில் இன்னொரு சுமையா என்னும் சலிப்பு எனக்கும் புரியும். ஆயினும், நாம் அறிவியல் பாடத்தில் சொல்லித் தருவது என்ன? தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. ஒரே வேளையில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறித்துக்கொள் என்பதுதானே? மின்கலத்தில் ஒரு முறை, மின்னேற்றியில் ஒரு முறை. தூசி நீக்குமுன் ஒரு முறை, நீக்கியபின் ஒரு முறை என ஒரே பக்கத்தைத் திறக்க ஆகும் நொடிகளை ஆறாம் ஆண்டு மாணவர்கள் அட்டவணைப்படுத்தலாம். நிர்வாகி உரிமை ஆசிரியரிடம் இருக்கட்டும். உற்றுநோக்கலும் ஊகித்தலும் மாணவரிடம் இருக்கட்டும். தேர்வுத்தாளில் மட்டும் வாழும் மாறிகள் அப்போது உயிர் பெறும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர்க்கும் ஒரு வேண்டுகோள். புதிய கணினி வாங்கும்போது விலையோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அடிப்படை வேகம் எவ்வளவு? விசிறி உண்டா? அரைமணி நேரம் தொடர்ந்து இயக்கினால் வேகம் எவ்வளவில் நிற்கிறது? கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். நன்கொடையாக வரும் கணினிகளையும் இவ்வாறே சோதித்தபின் வகுப்பறைக்குள் கொண்டுசெல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு, 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. நம் நாட்டிலோ இன்டெல் நிறுவனம் 1972-லேயே பினாங்கில் தொழிற்கூடம் அமைத்துவிட்டது. சில்லுத் தொழில் அரை நூற்றாண்டாக வேரூன்றிய மண்ணில் வளரும் நம் பிள்ளைகள், சில்லு ஏன் தயங்குகிறது என்று கேட்கத் தெரியாதவர்களாக இருக்கலாமா?

வசதியுள்ள வீட்டில் கணினி மெதுவானால் புதிது வாங்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கையில் இருக்கும் ஒரே கணினியின் முழு வேகத்தையும் அவர்களுக்குப் பெற்றுத் தருவதற்குப் பணம் தேவையில்லை. கால்மணி நேரப் பொறுமை போதும்.