பதினாறு முறை எறிந்தவரும் ஒரே முறை வளைந்தவரும்

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் இலக்கிய நண்பர்கள்கூட, பேச்சு ஜெர்மன் சூப்ளெக்ஸை எட்டியதும் தயக்கமின்றி ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்: பிராக் லெஸ்னர். காரணம் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள்: 16. ஆகஸ்ட் 2014-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த சம்மர்ஸ்லாமில் ஜான் சீனாவை அவர் 16 முறை இடுப்பைப் பற்றிப் பின்புறமாக எறிந்தார். உண்மைதான். அதிலிருந்து, இந்த வீச்சின் தலைசிறந்த கலைஞர் அவரே என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

இந்த எண் மோகம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்த எங்களில் பலர் இவ்வீரர்களை முதலில் அறிந்தது டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டுகளின் வழியாக. உயரம், எடை, மார்பளவு; பெரிய எண் வைத்திருப்பவனுக்கு எதிராளியின் சீட்டு. வயது கூடியது, ரசனை அந்தச் சீட்டுக்கட்டிலேயே தங்கிவிட்டது.

ஜெர்மன் சூப்ளெக்ஸ் என்பது என்ன? எதிராளியின் பின்னால் நின்று, அவர் வயிற்றுக்கு முன் கைகளைப் பூட்டி, தன் இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே இறக்கி, கால்களின் விசையால் தூக்கி, முதுகை வில்லாக வளைத்துத் தன் தலைக்கு மேலாக அவரைத் தரைக்குக் கொண்டுபோவது. இதுவரை எல்லோரும் அறிந்தது. பலரும் மறந்துவிடுவது இதற்குப் பின் வரும் பாதியை. எறிந்தவர் கைப்பூட்டை விடுவதில்லை. கழுத்தும் முன்பாதங்களும் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, உடலைப் பாலமாக நிறுத்தி, எதிராளியின் தோள்கள் தரையில் பதிந்திருக்க, நடுவர் மூன்று எண்ணும்வரை அப்படியே இருக்கிறார். ஜப்பானில் இதன் முழுப்பெயர் ஜெர்மன் சூப்ளெக்ஸ் ஹோல்ட். அவர்கள் மொழியில் கெம்பாகு கதாமே, அணுகுண்டுப் பிடி. பெயர் அச்சமூட்டுவதுதான். ஆனால் கவனியுங்கள், எறி என்றல்ல, பிடி என்றே முடிகிறது.

இதைத் தொழில்முறை மேடையில் நிலைநிறுத்திய கார்ல் காட்ச் ஜெர்மானியரே அல்லர். 1924-ல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்காகக் களம் இறங்கி, விகன் நகரில் பில்லி ரைலியின் கூடத்தில் பிடிகளைக் கற்றவர். ஜெர்மானியர் என்பது மேடைக்காகப் பூசப்பட்ட வேஷம். வீச்சின் பெயரே ஒரு புனைவு என்பது இலக்கிய வாசகர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கக்கூடும்.

காட்ச் ஜப்பானில் பயிற்றுவித்தவர்களில் ஒருவர் அன்டோனியோ இனோகி. மார்ச் 19, 1974 அன்று டோக்கியோவில் ஸ்ட்ராங் கோபயாஷியை அவர் வென்றது இந்தப் பிடியால்தான். பருத்த உடல்காரரான கோபயாஷி தரையில் மோதிய வேகத்தில் இனோகியின் இரு பாதங்களும் தரையை விட்டு எழும்பின. ஒரு கணம் இருவர் எடையும் இனோகியின் கழுத்தின் மேல். பாதங்கள் மீண்டும் தரைக்கு வந்தன, பூட்டு அவிழவில்லை, போட்டி அங்கேயே முடிந்தது. ஒரே வீச்சு. பதினைந்தை மிச்சம் வைத்திருந்தார் என்று வேண்டுமானால் எண் விரும்பும் நண்பர்கள் கணக்கெழுதிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நாடகம்தானே என்பார்கள். நாடகம்தான். ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலை மல்யுத்தக் கட்டுரையோடுதான் தொடங்கினார். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் 100 கிலோ மனிதர் ஒருவரின் கழுத்து இன்னொருவர் கைகளில் ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஒப்படைப்பு புனைவல்ல.

லெஸ்னரின் வலிமையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 2000-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் கனரகப் பட்டம் வென்றவர். அந்த 2014 ஆட்டமேகூட ஒரு நாயகனின் அவமானத்தைச் சொல்லும் கதையாக நன்றாகவே அமைந்தது. ஆனால் அவர் பெரும்பாலும் கைகளை விட்டுவிடுகிறார். எதிராளி காற்றில் பறக்கிறார். எறிந்தவர் எழுந்து சிரிக்கிறார். விட்டுவிட்டால்தான் விழுபவர் உடலைத் திருப்பிக்கொள்ள முடியும், பிடித்திருந்தால் முடியாது, ஆகவே விடுவதே பாதுகாப்பு என்று ஒரு வாதம் உண்டு. அது பொய்யல்ல. அதன் பொருள், விழுவதன் முழுப் பொறுப்பும் விழுபவரையே சேர்கிறது என்பதும்தான். பாலம் அமைப்பவர் தன் கழுத்தையும் பணயம் வைக்கிறார்.

மறுபக்கத்துக் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் ஆல் ஜப்பான் மேடையில் மிசாவா, கோபாஷி, கவாடா ஆகியோரின் ஆட்டங்கள் மகத்தானவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதே ஆட்டங்களில்தான் எதிராளியின் முதுகை விட்டு உச்சந்தலையையே தரைக்கு அனுப்புவது உக்கிரத்தின் அளவுகோலாயிற்று. நாங்களும் அதைக் கண்டு கைதட்டியவர்கள். ஜூன் 13, 2009 அன்று ஹிரோஷிமாவில் ஒரு பேக் சூப்ளெக்ஸில் விழுந்த மிட்சுஹாரு மிசாவா எழவில்லை. கழுத்துத் தண்டுவடக் காயம். வயது 46. அன்று எறிந்தவர்மேல் குற்றமில்லை; பல ஆண்டுகளாகச் சேர்ந்த சேதத்தில் ரசிகர்களின் கைதட்டலுக்கும் பங்குண்டு. இன்றும் செங்குத்தாக விழுந்த சூப்ளெக்ஸ்களைத் தொகுத்துச் சிலாகிப்பவர்களைக் கண்டால் எங்களுக்குப் பதற்றமாகவே இருக்கிறது.

எனில் யாரைச் சொல்வீர்கள்? கர்ட் ஆங்கிளைச் சொல்லலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பூட்டை அவிழ்க்காமலே உருண்டெழுந்து மூன்று முறை எறியும்போது அவரிடம் எண் வெறும் எண்ணாக இருப்பதில்லை. அதே வரிசையில் கிறிஸ் பென்வாவையும் சேர்க்க வேண்டும் என்பார்கள். 2007-ல் மனைவியையும் மகனையும் கொன்று தானும் மாண்டவரின் முதுகு வளைவைப் புகழ எங்களுக்கு நா எழவில்லை. அவரது மூளையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளின் சேதத்தைக் கண்டார்கள் என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறோம்.

எங்கள் தேர்வு இருவர். ஒருவர் மனாமி டொயோட்டா. தன்மேல் ஒருவர் கிடக்கக் கழுத்தை ஊன்றிப் பாலமாக எழும்பித் தப்பும் அவரைப் பார்த்தவர்களுக்கு, சூப்ளெக்ஸின் இரண்டாம் பாதி எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர் சாட் கேபிள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் பிரிவில் ஆடியவர். இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாத அப்பிரிவில் முதுகு வளைவே மூலதனம். தன்னைவிட மிகப் பெரியவர்களைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, கைகளை விடாமல் காத்திருப்பார். குள்ளமானவர் என்பதால் சீட்டுக்கட்டில் அவருக்கு ஒருபோதும் வெற்றி கிடைத்திருக்காது.

எஃப்-5 என்னும் வீச்சில் லெஸ்னரை மிஞ்ச ஆளில்லை என்று யாரேனும் எழுதினால் அவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை.