பழுதென்று பரணில் போடலாமா?

பழைய பொருள் பழுதாகிவிட்டால் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். காயலான் கடைக்குப் போடுகிறோம். அல்லது புதிதாக்குகிறேன் என்று அதன் முகத்தையே அழித்துவிடுகிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து. இது நூலகத்தில் பிறந்த கருத்தன்று; எங்கள் வீட்டுப் பரணில் பிறந்தது.

என் தாய்மாமன் இளமையில் மெல்லிசைக் குழுவொன்றில் மின் கிட்டார் வாசித்தவர். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த 1980களில், வெளிநாட்டுக் கிட்டார் அவரைப் போன்றோருக்கு எட்டாக் கனி. கல்கத்தாவில் செய்த ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களின் திருவிழா மேடைகளில் அது ஒலித்தது. பின்பு குழு கலைந்தது. மாமா பஞ்சாலை வேலைக்குப் போனார், கிட்டார் பரணேறியது.

சென்ற ஆண்டு ஓடு மாற்றும்போது அதை இறக்கினோம். மழைநீர் ஒழுகி வண்ணப்பூச்சு உரிந்திருந்தது. கழுத்தில் நீண்ட விரிசல். ஒயர்களை எலி கடித்திருந்தது. உடலின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது.

"ஓட்டல் சுவரில் அலங்காரமாக மாட்ட ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம்" என்றார் அப்பா. "அந்தப் பணம் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆகும்" என்றார் அம்மா. மாமா வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படித்த பிள்ளை, நீயே சொல்லு" என்று பாரத்தை என் தலையில் வைத்தார்கள்.

படித்த பிள்ளைக்குத் தெரிந்தது இயற்பியல்தான். காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831இல் பாரடே கண்டார். அக்கண்டுபிடிப்பின் மேல்தான் மின் கிட்டார் நிற்கிறது. எஃகுத் தந்தி அதிரும்போது, அதன் கீழே 'பிக்கப்'பில் உள்ள காந்தப்புலம் அசைகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான செப்புச் சுற்றுகளில் மின்குறிப்பு எழுகிறது. ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வக மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டு பிக்கப்புகளில் ஒன்று ஏறத்தாழ 6,000 ஓம் காட்டியது, உயிர் இருந்தது! மற்றொன்றில் சுருள் எங்கோ அறுந்திருந்தது. அந்தக் கம்பி தலைமயிர் அளவே மெல்லியது. மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்.

தந்தி முறுக்கும் ஆணிக்குத் தகடு ஒன்று வேண்டியிருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கு நம் ஊர் பெயர் பெற்றதல்லவா? நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போனேன். பெயின்ட் அடித்துப் புத்தம் புதிதாக்கப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அங்கிருந்த பெரியவர் சிரித்தார். "பழைய பூட்டக் கொண்டாந்தா நான் ஒண்ணுதாம்மா கேப்பேன். தொறக்கணுமா, பளபளக்கணுமா?"

அந்தக் கேள்விதான் இக்கட்டுரை.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் 1963இல் வாங்கிய கிட்டார் திருடுபோய், மழையில் கிடந்து, பின்னர் மீண்டது. அதன் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்து மரம் தெரிந்தது. வாசிப்புக்குத் தேவையான உறுப்புகளை அவர் மாற்றிக்கொண்டார். மேனிக்குப் புதுப்பூச்சு பூசவில்லை. 1995இல் அவர் மறையும்வரை அது அவரோடிருந்தது. 2024இல் ஏலம் போனபின் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது.

நம் நாட்டிலோ, திருப்பணி என்ற பெயரில் கோயில் கற்கள்மேல் மணலைப் பீய்ச்சியடித்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்த கதையை அறிவோம். பளபளப்பு வந்தது, வரலாறு போயிற்று. அதே தமிழகத்தில், மரபு முறையில் சீரமைத்த திருவரங்கம் கோயில் 2017இல் யுனெஸ்கோ விருதும் பெற்றது. ஆகவே கை வைப்பதே பிழையன்று. எதற்காகக் கை வைக்கிறோம் என்பதே கேள்வி.

"இவ்வளவு பாடு எதற்கு? புதிதே வாங்கலாமே" என்பார் உண்டு. அவர்கள் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. மரம் முழுதும் உளுத்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆறு தந்திகளும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கும் விசையை விரிசல் விட்ட கழுத்து தாங்க வேண்டும். தாங்காத பொருளைத் தாங்கும் என்று சொல்லுவது பாசமாகலாம், அறிவாகாது. நல்ல வேளையாக, எங்கள் தெருத் தச்சர் பசை ஊற்றி இறுக்கிய கழுத்து தாங்கிற்று.

பரீட்சைப் பணத்தை நான் தொடவில்லை. மாலையில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்ததில் ஒயரும் தந்தியும் வாங்கினேன். அறுந்த பிக்கப்பை அப்படியே விட்டேன், ஒன்று போதும். உரிந்த பூச்சையும் கரையான் தின்ற ஓரத்தையும் தொடவில்லை. அவை அந்தக் கிட்டார் பட்ட பாட்டின் சாட்சிகள்.

முடிந்ததும் மாமாவிடம் கொடுத்தேன். ஆலையில் காய்த்துப்போன விரலால் ஒரு தந்தியை மீட்டினார், சுதி பிசகியிருந்தது. ஆணியைத் திருகினார், மீண்டும் மீட்டினார். சுதி சேர்ந்ததும், வீட்டில் யாரும் அதன் விலையைப் பற்றிப் பேசவில்லை.

தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் கிடக்கும். தையல் இயந்திரமோ, வானொலியோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ! எறியுமுன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இறக்கினால், அதன் முகத்தை மாற்றாதீர்கள். அதன் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்.சி. (இயற்பியல்)