காடு அழிவது யார் செயல்?

காடு அழிகின்றதே என்று நம்மவரில் யாரிடம் சொன்னாலும், ஒருவர் "எல்லாம் கலிகாலம்" என்பார், மற்றொருவர் "ஆண்டவன் சித்தம்" என்பார், கொஞ்சம் படித்தவராயிருந்தால் "ஜனங்கள் பெருகிவிட்டார்கள், என்ன செய்வது?" என்பார். மூவரும் வெவ்வேறு விஷயம் பேசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் பேசுவது ஒன்றுதான். அதாவது, இதற்கு எவனும் பொறுப்பாளியல்ல என்பதாகும். இந்தப் பேச்சு எவ்வளவு பொய் என்பதற்குத் தென் அமெரிக்காவில் பிரேசில் தேசத்து அமேசான் காட்டின் சங்கதி ஒன்றே போதும்.

அந்நாட்டின் மேற்கே ரொண்டோனியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 1970-ல் அதன் ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம். 1991-லோ அது 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் அங்கேயே பிறந்து பெருகினவர்களா? இல்லவே இல்லை. சர்க்கார் உலக வங்கியில் கடன் வாங்கி, பி.ஆர். 364 என்ற சாலைக்கு 1984-ல் தார் போட்டு முடித்து, நிலமில்லாதவர்களையெல்லாம் வாருங்கள் என்று அழைத்தது. தெற்கே பிழைப்பற்றுப் போன ஏழைக் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். வந்தவன் காட்டை வெட்டிக் காட்டினால்தான் நிலத்தைத் திருத்தினவன் என்று எண்ணி அவனுக்குப் பாத்தியதை ஏற்படும். வெட்டாமல் வைத்திருந்தாலோ, நிலம் வேறொருவனுக்குப் போய்விடும் என்ற பயந்தான் மிச்சம். இப்படி விதி எழுதி வைத்துவிட்டு, பிறகு கோடாலி பிடித்தவனைக் குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம். பெரிய சாலையிலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கிளைப் பாதைகள் போயின. பாதைகளின் இருமருங்கும் காடு போயிற்று. ஆகாயத்திலிருந்து பார்த்தால் மீன் முள் கிடப்பதுபோல் இருக்கும். அப்படி ஏழை வெட்டிய நிலம் சாரமற்றுப்போய், பல இடங்களில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் கையில் போய்ச் சேர்ந்தது.

இது நிற்க, இயற்கை சும்மா இருக்கிறதா என்றால் அதுவுமில்லை. அங்கு பெய்யும் மழையில் பெரும் பங்கு, மரங்களே வேரால் உறிஞ்சி இலையால் விட்ட நீராவி திரும்பப் பெய்வதாகும். மரத்தை வெட்டினால் மழை குறையும். மழை குறைந்தால் காட்டின் ஓரம் உலரும். உலர்ந்த ஓரத்தில் பக்கத்து வயலில் வைத்த நெருப்பு ஏறும். ஒருமுறை எரிந்த காடு மறுமுறை சுலபமாய் எரியும். ஆகவே மனிதன் செய்த காரியத்தை இயற்கை வட்டியும் முதலுமாய்ப் பெருக்கிவிடுகிறது. கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் மறுபடி மரம் முளைப்பதும் உண்டு. ஆனால் அது பழைய காடாவதற்கு ஒரு மனிதன் ஆயுள் போதாது.

இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடலாம் என்று சில அறிஞர்கள் முன்வந்தார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் பல்கலைக்கழகத்துப் பிரிட்டால்டோ சோரெஸ் ஃபில்யோவும் அவர் கூட்டாளிகளும் காட்டைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங் கட்டமாகப் பிரித்தார்கள். இந்தக் கட்டத்திற்குச் சாலை எவ்வளவு தூரம், மேடா பள்ளமா, பக்கத்துக் கட்டம் முன்பே வெட்டப்பட்டதா, பழங்குடிகளுக்கு விட்ட பூமியா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, அடுத்த ஆண்டு எது போகும் என்று கம்ப்யூட்டரைக் கொண்டு கணக்கிட்டு, 2006-ல் வெளியிட்டார்கள். 2003-ல் 53 லட்சம் சதுர கிலோமீட்டராயிருந்த காடு, போகிற போக்கிலேயே விட்டால் 2050-ல் 32 லட்சமாய்க் குறையும். சட்டத்தை ஒழுங்காய் நடத்தினால் 45 லட்சம் மிஞ்சும் என்றார்கள்.

இதென்ன, விஞ்ஞானிகள் பார்க்கும் ஜாதகமா என்று சிலர் கேட்கலாம். ஜாதகம் பார்ப்பவன் "நீ என்ன செய்தாலும் இது நடந்தே தீரும்" என்கிறான். பரிகாரம் என்று காசு பறிப்பது வேறு சங்கதி. இவர்களோ "இப்படிச் செய்தால் இது, அப்படிச் செய்தால் அது" என்று இரண்டையும் எதிரில் வைக்கிறார்கள். ஜோசியன் பலிக்காவிட்டால் வெட்கப்படவேண்டும். இவர்களுடைய முதற் கணக்குப் பலிக்காமற் போனால் சந்தோஷப்படவேண்டும்.

அப்படியே கொஞ்ச காலம் பலிக்காமலும் போயிற்று. 2004-ல் ஒரே வருஷத்தில் 27,700 சதுர கிலோமீட்டருக்குமேல் அழிந்த பிரேசில் பாகத்துக் காடு, 2012-ல் சுமார் 4,600 மட்டுமே அழிந்தது. சாமி வந்து காத்ததா? செயற்கைக் கோளால் வெட்டு நடக்கும்போதே கண்டுபிடித்தார்கள். புதிதாய் வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் 2006-ல் ஒப்புக்கொண்டார்கள். சட்டத்தை மீறினவர்களுக்கு 2008 முதல் பாங்கிக் கடன் நிறுத்தப்பட்டது. சோயா விலை இறங்கியதும் கொஞ்சம் உதவியது உண்மையே. பிறகு 2019-ல் வந்த சர்க்கார் காவலைத் தளர்த்தவே, 2021-ல் அழிவு 13,000-ஐ எட்டியது. மறுபடி ஆட்சி மாறிக் காவலை இறுக்கவே, 2024-ல் அது ஏறக்குறையப் பாதியாயிற்று. மரங்கள் அதே மரங்கள், மண்ணும் அதே மண். மாறியது அதிகாரத்தில் இருப்பவர்களின் முடிவுதான்.

ஆனாலும் இந்தக் கணக்குகளில் நமக்கு ஒரு குறை உண்டு. சாலை வந்தால் இத்தனை கட்டம் போகும் என்று சொல்கிறதே தவிர, சாலையை யார் போட்டது, யாருடைய இலாபத்துக்குப் போட்டது என்று கேட்பதில்லை. கோடாலிக்காரன் கணக்கில் இருக்கிறான். கையெழுத்துப் போட்ட மந்திரி இல்லை.

1976-ல் திறந்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்திற்குள் பாழாய்ப்போன பி.ஆர். 319 என்று இன்னொரு சாலை ரொண்டோனியாவின் தலைநகரிலிருந்து மனாஸ் நகரத்துக்குக் காட்டின் நடுவே போகிறது. அதற்கு மறுபடி தார் போடவேண்டும் என்றும், கூடாது என்றும் பல ஆண்டுகளாய்க் கோர்ட்டு வரைக்கும் சண்டை நடந்துவருகிறது. தார் போட்டால் எந்தெந்தப் பக்கம் கிளைப் பாதை முளைக்கும், எவ்வளவு காடு போகும் என்ற கணக்கை அறிஞர்கள் முன்னமேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.